தாலிக்கொடியில் நான்கு ஊக்கு

அன்று பகல் ஜாசின் வீட்டில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் மனைவி பாக்கியம். கூடத்தில், பெட்டியில்.

நான். அவள் தலைமாட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில்.

என் மகன் சேகர். ஜொகூரிலிருந்து காலையில் வந்து சேர்ந்தவன். தொழிற்சாலைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை.

என் அக்கா அஞ்சலை. லூபோக் சீனாவிலிருந்து வந்திருந்தாள். அழுகையும் வேலை ஏவுதலும் மாறி மாறி நடந்தன.

பக்கத்து வீட்டு மேரி. விடிந்ததிலிருந்து எங்கள் அடுப்பில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தில் பாக்கியத்தோடு மருந்து அடித்த பெண்கள், ஒரு வேன் நிறைய. எல்லாருக்கும் முட்டிவலி. சுவரோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

சடங்கு செய்ய வந்தவர். சங்கை மடியில் வைத்திருந்தார்.

கேட்டுக்கு வெளியே, என் மகள் கலா. சாலைக்கு அந்தப் பக்கம் காரோடு ஒட்டி அவள் புருஷன் பைசால்.

கலா வீட்டுக்குள் வரவில்லை. ஆனாலும் இருந்தவர்களில் அவளை விட முடியாது. பெட்டி கிளம்பும்வரை அங்கேயேதான் நின்றாள்.

கேட்

இதழில் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் லோரி ஓட்டிய கதை எழுதினேன். சேகரைப் பற்றி எழுதினேன். செம்பனைக் குலையோடு லோரி பள்ளத்தில் சாய்ந்ததை இரண்டு வாரம் எழுதினேன். ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். உங்களுக்குப் பெண் பிள்ளை இல்லையா ஐயா என்று ஒரே வரி.

இருக்கிறாள்.

கலா கட்டிக்கொண்டது பைசாலை. மலாய்க்காரப் பையன். சுங்கை ரம்பாயில் வீடு. மதம் மாறித்தான் கல்யாணம். காகிதத்தில் வேறு பெயர். எங்களுக்குக் கலாதான்.

அன்று நடுப்பகலில் வந்தாள். சாம்பல் நிறச் சட்டை, கணுக்கால்வரை பாவாடை, அதே நிறத்தில் தூடோங். மலாய்ப் பெண்கள் தலையைச் சுற்றிக் கட்டும் துணி. முகம் மட்டும் தெரியும். அந்த முகம் வீங்கியிருந்தது.

முதலில் பார்த்தது அக்காதான். குனிந்து என் காதில் சொன்னாள்.

“தம்பி, அவ அந்தத் துணியோடயே வந்துட்டா. வேன்ல வந்த சனம் பூரா பாக்குது. எவனாச்சும் போட்டோ புடிச்சு, தாயும் மாறினவதான்னு நாளைக்குக் கெளப்பி விட்டா என்ன செய்வே?”

இப்படி ஒரு பயம் எங்கள் ஆட்களிடம் உண்டு. இறந்தவர் இஸ்லாத்துக்கு மாறியவர், எங்களிடம் கொடுங்கள் என்று பெட்டியை வைத்துக்கொண்டு யாராவது வழக்குப் பேச வந்துவிடுவார்களோ என்று. நான் அதை நம்பினேனா என்று கேட்டால், இல்லை. பயத்தினால் எழுந்தேன் என்று எழுதினால் பொய். அந்த வேன் பெண்கள் பார்த்தது எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

எழுந்து போனேன். கலா கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள்.

“அப்பா.”

நான் கேட்டுக்கு உள்ளேயே நின்றேன்.

“விழுந்து கும்புட மாட்டேன்பா. ஆனா அரிசி போடுறேன். அம்மா மொகத்தத் தொட்டுட்டு வந்துடுறேன். துணிய மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க.”

“கழட்டிட்டு வா,” என்றேன்.

அவள் கத்தவில்லை. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். தாடைக்குக் கீழே துணியைச் சேர்த்து ஓர் ஊக்கு. அதன் தலையில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. என் கண் பார்த்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.

கண் மட்டும் தெரிந்த பெண்

பாக்கியத்தை நான் முதலில் பார்த்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது நான் தோட்டத்து லோரியில் கிளீனர். செம்பனை வரிசைகளுக்கு நடுவில் பெண்கள் மருந்து அடித்துக்கொண்டு போவார்கள். களைக்கொல்லி மருந்து. முதுகில் தொட்டி. கையில் குழாய். தலை, காது, மூக்கு, வாய் எல்லாம் துணி. கண் மட்டும் வெளியே. மருந்து நெடியில் எல்லார் கண்ணும் சிவந்திருக்கும்.

பத்துப் பதினைந்து பெண்களில் ஒருத்தி மட்டும் இடது பக்கம் சாய்ந்து நடப்பாள். தொட்டிப் பட்டி ஒரு பக்கம் நீளம். அந்த நடையை வைத்துத்தான் அவளை அடையாளம் கண்டேன்.

அக்காவிடம் சொன்னேன். அக்கா லயத்து வீடுகளில் விசாரித்துப் பெண் கேட்டாள். பெண் பார்க்கப் போன அன்று முகத்தோடு ஒருத்தி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இவள்தானா என்று சந்தேகம். எழுந்து உள்ளே போகச் சொல்லுங்கள், நடக்கட்டும் என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். பாக்கியம் எழுந்து போனாள். முதுகில் தொட்டி இல்லாமலே இடது பக்கம் சாய்ந்து போனாள். சரி என்றேன்.

அந்தப் பெண்கள் துணி பறக்காமல் இருக்க ஊக்கு குத்திக்கொள்வார்கள். இரண்டு காதுக்குப் பக்கத்திலும் ஒன்று ஒன்று, பின்கழுத்தில் ஒன்று, தாடைக்குக் கீழே ஒன்று. ஆளுக்கு நான்கு. புல்லில் விழுந்தால் தேட வேண்டுமே, அதற்காக ஊக்கின் தலையில் சிவப்பு நூல் சுற்றி வைப்பார்கள். வேலை முடிந்ததும் தாலிக்கொடியில் மாட்டிக்கொள்வார்கள்.

தோட்டத்தை விட்டு ஜாசினுக்கு வந்த பிறகும் பாக்கியம் அந்த நான்கையும் கழற்றவில்லை. சேலைக்கும் அதுதான், அறுந்த செருப்புக்கும் அதுதான், ஜன்னல் திரைக்கும் அதுதான். குனிந்து கூட்டும்போது கொடியில் கிணுகிணுவென்று சத்தம் கேட்கும். வீட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்று அதை வைத்தே தெரியும்.

கலா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்துச் சிரிப்பாள். பேங்கில் கொள்ளையடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறாய் என்பாள். வா, தொட்டியைத் தூக்கிக்கொண்டு கூட நட, பாதிப் பங்கு தருகிறேன் என்று துணிக்குள்ளிருந்து பாக்கியத்தின் குரல் வரும்.

அந்தத் துணியைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கொடுத்த கைலி

இன்னொரு வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

வீட்டுக் காகித விஷயமாக ஓர் ஆபீசுக்குப் போனோம். எந்த ஆபீஸ் என்று எழுதவில்லை. பாக்கியம் கவுன் போட்டிருந்தாள். நீலப் பூப் போட்டது. முட்டிக்குக் கீழே ஒரு விரல் அளவு இறங்கும். உட்கார்ந்தால் ஏறும்.

வாசலில் இருந்த காவலாளி கையை நீட்டி நிறுத்தினான். முட்டி தெரிகிறது, இப்படி உள்ளே போக முடியாது என்றான். மேசைக்குக் கீழேயிருந்து ஒரு கைலி எடுத்துக் கொடுத்தான். எத்தனையோ பேர் கட்டிக் கழற்றிய கைலி. வியர்வை நாற்றம்.

எனக்குக் கோபம். என் பெண்டாட்டி என்ன உடுத்த வேண்டும் என்று சொல்ல நீ யார் என்று மலாயில் கேட்டேன். உள்ளே வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சின்ன வயசு. மேலே சொன்னதைச் செய்கிறேன், மாமா என்றான்.

பாக்கியம் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கைலியைக் கவுன் மேலேயே கட்டிக்கொண்டு உள்ளே போனாள். வேலை முடிந்தது. வெளியே வந்து கைலியை நான்காக மடித்து அவன் மேசையில் வைத்தாள்.

பஸ்ஸில் ஆயர் மொலேக் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்.

“துணிதானேங்க. கட்டிக்கிட்டா போச்சு. ஆனா வாசல்ல நிக்க வச்சுட்டான் பாத்தீங்களா. அதுதான்.”

அந்தக் கவுனை அவள் திரும்ப உடுத்தவில்லை. கரித்துணி ஆக்கினாள்.

கலா கட்டியது

கலா மலாக்காவில் ஒரு கிளினிக் கவுன்டரில் வேலை செய்தாள். ஏர்கோன் பழுது பார்க்க வந்தவன் பைசால். மற்றது எல்லா வீட்டுக் கதையும்தான். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. பாக்கியம் போனாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள், கேட்கவில்லை.

ஒரு வருஷம் கலா தலையைத் திறந்துதான் வந்து போனாள். எனக்கு அதில் ஒரு நிம்மதி. பெயர்தான் மாறியிருக்கிறது, பிள்ளை மாறவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் தூடோங்கோடு வந்தாள்.

அவன் கட்டச் சொன்னானா என்று கேட்டேன்.

“இல்லப்பா. அவரு ஒரு வார்த்தை சொல்லல. நானாத்தான் கட்டுனேன்.”

“எதுக்கு?”

“எப்படிச் சொல்றது. கட்டுனா மனசு ஒரு எடத்துல நிக்குது.”

நான் நம்பவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளை தானாக ஒன்றை நினைப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சமயம் ஜாசின் பசாருக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இதே பேச்சுதான். மூட வேண்டும் என்று சொல்கிறவனும் ஆம்பிளை, மூடக் கூடாது என்று சொல்கிறவனும் ஆம்பிளை. ஒருவன் நம் பிள்ளைகளுக்கும் நாளைக்கு இதுதான் என்பான். இன்னொருவன் நம் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு கோயிலுக்கு வருகிறார்களே, அதை முதலில் பேசு என்பான். தோசைக்கல்லுக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் பெண்டாட்டி ஒருநாள் கேட்டாள், இவ்வளவு நேரம் துணியைப் பற்றிப் பேசுகிறீர்களே, வீட்டில் உங்கள் சட்டையைத் துவைப்பது யார் என்று. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நான் அங்கே எந்தப் பக்கமும் பேசியதில்லை. எனக்கு ஒரு மகள் அப்படி இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். அவளைப் பற்றி நான் எழுந்து போன பிறகு பேசுவார்கள்.

ஒரு தீபாவளிக்குக் கலா வந்திருந்தாள். சமையலறையில் அவள் துணியில் குத்தியிருந்த குண்டூசி எங்கோ விழுந்துவிட்டது. ஒரு கையால் தாடைக்குக் கீழே துணியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பானையை இறக்கப் பார்த்தாள். கூடத்திலிருந்து எனக்குத் தெரிந்தது.

பாக்கியம் அவளைத் தன் பக்கம் திருப்பினாள். கொடியிலிருந்து ஓர் ஊக்கை எடுத்துப் பல்லில் கடித்துத் திறந்தாள்.

“தாடையத் தூக்குடி.”

கலா தூக்கினாள்.

“இறுக்குதா?”

“இல்லம்மா.”

“மருந்து அடிக்கிறப்ப நானும் இப்படித்தான் குத்துவேன். காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் அசையாது.”

நான் எழுந்து கடைக்குப் போய்விட்டேன். ஒன்றும் வாங்க வேண்டியிருக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பியபோது கலா போயிருந்தாள். மேசையில் எனக்கு முறுக்கு எடுத்து மூடி வைத்திருந்தாள்.

முக்காடு

மறுபடியும் அந்தப் பகலுக்கு வருகிறேன்.

வாய்க்கரிசி நேரம். சங்கு ஊதினார்கள். எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம். அரிசி போட வரும் பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்து முக்காடு போட்டுக்கொண்டுதான் பெட்டியைச் சுற்றுவார்கள். திறந்த தலையோடு போட மாட்டார்கள். இது ஏன் என்று எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் அப்படித்தான் போட்டார்கள்.

அக்காதான் முதலில் எழுந்தாள். முந்தானையை இழுத்து நெற்றிவரை மூடினாள். வேன் பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒவ்வொருவராக மூடினார்கள். சுடிதார் போட்டிருந்த ஒருத்தி துப்பட்டாவால் மூடினாள். எதுவும் கொண்டுவராத ஒருத்திக்கு அக்கா ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தாள். தலையில போட்டுக்க என்றாள்.

சுற்றினார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, குனிந்து போனவர்களின் முகங்கள் தெரியவில்லை. துணிகள்தான் தெரிந்தன.

மேரி தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். அவள் கிறிஸ்தவள். அவளும் முந்தானையைத் தலையில் போட்டாள். அரிசியை எடுத்தாள். பாக்கியத்தின் வாயில் போட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அண்ணே. நாங்க கோயில்ல முக்காடு போட்டுத்தான் கும்புடுறோம். என்னை உள்ள விட்டீங்க. இங்க ஒரு தலை தொறந்திருக்கா பாருங்க.”

பார்த்தேன். இல்லை.

கேட்டைப் பார்த்தேன். வெயிலில் கலா நின்றாள். வாசலில் போட்டிருந்த கூடாரத்து நிழல் அவள்வரை போகவில்லை.

எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். கேட்வரை போகலாம், தாழ்ப்பாளைத் தள்ளலாம். ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. அவ்வளவு வேலைதான். கால் எழவில்லை. சொன்னதைச் சொன்னவனாக இருக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருஷம் லோரியைப் பின்னால் எடுக்கத் தெரிந்தவன். அன்று தெரியவில்லை.

மேரி என்னிடம் கேட்கவில்லை. ஒரு பிடி அரிசியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். கேட்டின் கம்பி வழியாகக் கலாவின் கையில் வைத்தாள். கலா விரலை மூடிக்கொண்டாள்.

பெட்டியை மூடுமுன் நகையைக் கழற்றுவது வழக்கம். அக்கா தாலிக்கொடியைக் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து என் சட்டைப் பையில் போட்டாள். ஊக்கோடயே இருக்கு, அப்புறம் பிரிச்சுக்க என்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். மூடினார்கள். நான்கு மூலையிலும் திருகினார்கள்.

சேகரும் மற்ற ஆண்களும் தூக்கினார்கள். கேட் திறந்தது. கலா ஒதுங்கவில்லை. சேகர் ஒரு நொடி நின்றான். என்னைப் பார்த்தான். நின்றதே அவன் செய்த உதவி.

கலா கையைத் திறந்து அரிசியைப் பெட்டியின் மூடியில் போட்டாள். வழவழப்பான மூடி. தோளில் சாய்ந்திருந்த பெட்டி. அரிசி நிற்கவில்லை. தார்ச் சாலையில் விழுந்தது. ஆட்கள் அதை மிதித்துக்கொண்டு போனார்கள்.

எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. நான் திரும்பி வந்தபோது கார் இல்லை.

பதினாறாம் நாள்

கருமாதிக்கு வருவாள் என்று நினைத்தேன். கேட்டை முழுக்கத் திறந்து வைத்து, செங்கல் முட்டுக் கொடுத்தேன். அக்கா பார்த்தாள். உள்ளே போனாள்.

பைசால் மட்டும் வந்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பாக்கியத்தின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் கையைக் கட்டி நின்றான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் தமிழ் பாதி, மலாய் பாதி. பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

அன்றைக்குக் கார் பக்கத்தில் வைத்து அவளிடம் நானே சொன்னேன், மாமா. ஒரு மணி நேரம் எடுத்துவிட்டுப் போ, அம்மா முகத்தைப் பார், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆண்டவனுக்குத் தெரியும் என்றேன். அவள் முடியாது என்று தலையாட்டினாள். தாடைக்குக் கீழே கையை வைத்துப் பொத்திக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டுத் தன் தாடைக்குக் கீழே கை வைத்துக் காட்டினான்.

அவன் கட்டி வைத்த துணி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் தடவையாக நான் கொடுத்தது அது. குடித்துவிட்டுப் போனான்.

கலாவுக்கு இப்போது மாதம் ஒரு முறை போன் செய்கிறேன்.

“சாப்டியாம்மா?”

“சாப்டேன்பா.”

“சரி.”

அதோடு முடியும். சொல்ல வேண்டியது வாயில் வராது. போனை வைத்துவிடுவேன். வரவில்லை என்றால் எழுதுங்கள் என்று மேரி சொன்னாள். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைதான். கலாவும் தமிழ்ப் பள்ளிதான். என்னைவிட நன்றாகப் படிப்பாள். இந்த இதழ் வந்ததும் மேரி அவளுக்கு அனுப்புவாள்.

கலா, அது என் கேட் இல்லை. உன் அம்மா இருந்த வீட்டுக் கேட். நான் நிறுத்தியிருக்கக் கூடாது.

பைசால் வந்து போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. கைக்குட்டையை நான் அவிழ்க்கவே இல்லை. அலமாரியில் அவள் சேலைக்குக் கீழே வைத்திருந்தேன். இதை எழுத வேண்டியிருந்ததால் நேற்று அவிழ்த்தேன். கொடி கறுத்திருந்தது. மஞ்சள் வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. சிவப்பு நூல் சுற்றிய ஊக்குகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். நான் தவறாக எண்ணியிருப்பேன் என்று திரும்பவும் எண்ணினேன்.

மூன்று.